யோங் பெங்கின் மழைக்கால நீரும் தோட்டத் தமிழரின் மீன்பிடியும்

ஓராண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர் பண்டைத் தமிழர். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று கொண்டது தமிழ் இலக்கணம். உழவனும் ஆயனும் மீனவனும் தத்தம் தொழிலைப் பொழுதோடு பொருத்தியே நடத்தினர். ஒருவன் தன் உணவைத் தேடி நீரில் இறங்குமுன் அந்த நீரின் நிலையையும் காலத்தின் நிலையையும் அறிந்துகொள்ள வேண்டும் என்பது உலகம் முழுவதற்கும் பொதுவான விதி.

கனடா, பின்லாந்து, உருசியா முதலிய வடபுல நாடுகளில் பனிக்காலத்தில் ஏரிகளின் மேற்பரப்பு உறைந்து கல்லாகிவிடுகிறது. அங்குள்ளோர் அந்தப் பனிப்பாளத்தில் துளையிட்டு, அதன் வழியே தூண்டிலை இறக்கி மீன் பிடிக்கின்றனர். பாளம் ஆளைத் தாங்குமா என்பதை அதன் கனத்தையும் நிறத்தையும் கொண்டு அவர்கள் முடிவு செய்வர். கணிப்புத் தவறினால் உயிர் தவறும். ஆதலின் பனியை அறியும் அறிவு அம்மக்களிடம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது.

பனி என்பதையே காணாத ஜொகூர் மாநிலத்து யோங் பெங் வட்டாரத்திலும் இதற்கு இணையான ஓர் அறிவு இருந்தது. சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் ஆற்றின் நிறத்தையும் ஏற்ற இறக்கத்தையும் அறிந்து மீன் பிடித்தனர். அது வெறும் பொழுதுபோக்கு அன்று. அதன் வரலாறு அவர்களுடைய கூலியின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. மலேசியத் தமிழரைப் பற்றிய நூல்களில் கங்காணி முறையும் தொழிற்சங்கமும் கோயிலும் பள்ளியும் பேசப்படும் அளவிற்கு இந்த ஆற்றங்கரை வாழ்வு பேசப்படவில்லை.

நிலமும் நீரும்

யோங் பெங், பத்து பகாட் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். சீன எழுத்தில் அதன் பெயருக்கு ‘நிலைத்த அமைதி’ என்பது பொருள். வடக்கே லாபிஸ், சிகாமட் நோக்கியும், தெற்கே ஆயர் ஈத்தாம் நோக்கியும், மேற்கே பாரிட் சூலோங் வழியாக மூவார் நோக்கியும் செல்லும் சாலைகள் இங்குக் கூடுகின்றன. 1909ஆம் ஆண்டில் ஜொகூரை ஊடறுத்து முடிந்த இருப்புப்பாதை லாபிஸ், பெக்கோக், குளுவாங் வழியே சென்றுவிட்டது. எனவே யோங் பெங் தொடக்கம் முதலே சாலைகளின் ஊராகவும் ஆறுகளின் ஊராகவும் இருந்தது.

இவ்வட்டாரத்து ஆறுகள் பெரியவை அல்ல. பெக்கோக் ஆறும் செம்புரோங் ஆறும் சிம்பாங் கானான் ஆற்றில் சேர்கின்றன. சிம்பாங் கானானும் சிம்பாங் கிரியும் கூடிப் பத்து பகாட் ஆறாகி மலாக்கா நீரிணையில் கலக்கின்றன. மலாய் மொழியில் கானான் என்றால் வலம். கிரி என்றால் இடம். மேட்டு நிலத்தில் ரப்பர் வளர்ந்தது. தாழ்வில் கரிமச் சதுப்பு நிலம் பரந்து கிடந்தது. பல்லாயிரம் ஆண்டுகளாக விழுந்து முற்றும் மக்காத இலையும் வேரும் அடுக்கடுக்காய்ப் படிந்த மண் அது. அதிலிருந்து கசியும் நீர் பால் கலவாத தேநீர் போலக் கருஞ்சிவப்பாய் இருக்கும். கடலோரத் தாழ்நிலத்தைச் சாவக மக்களும் பூகிஸ் மக்களும் வாய்க்கால் வெட்டி வாழிடமாக்கினர். வாய்க்காலுக்கு மலாயில் ‘பாரிட்’ என்று பெயர். பாரிட் சூலோங், பாரிட் ராஜா, பாரிட் யானி என்று இம்மாவட்டத்து ஊர்ப்பெயர்கள் பலவும் அவ்வாறு அமைந்தவையே.

மரத்தின் பனிக்காலம்

ரப்பர் மரம் பிரேசில் நாட்டுக்குரியது. 1876இல் அந்நாட்டிலிருந்து இலண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்ட விதைகளில் முளைத்த கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மலாயாவின் மலைச்சரிவுகளை மூடியது. அதற்கென்றே தமிழகத்திலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர்.

அந்த மரத்துக்கு இருவகையான மந்த காலங்கள் உண்டு. முதலாவது மழைக்காலம். வடகிழக்குப் பருவக்காற்று நவம்பர் முதல் மழையைக் கொண்டுவருகிறது. விடியுமுன் மரத்தைச் சீவ வேண்டும். அப்பொழுதுதான் பால் நன்றாக ஓடும். பட்டை நனைந்திருந்தாலோ பால், வெட்டுவாய் வழியே ஓடாமல் பட்டையெங்கும் பரவி வீணாகும். கோப்பையில் மழைநீர் நிறைந்து பாலைக் கெடுக்கும். ஆதலின் மழை நாளில் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில், களையெடுப்பு முதலிய வேறு வேலை கிடைத்தாலன்றிக் கூலியும் இல்லை.

இரண்டாவது, இலையுதிர் காலம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வறட்சி தலைகாட்டும்போது ரப்பர் மரம் தன் இலைகளை எல்லாம் உதிர்த்து மொட்டையாகிறது. புதுத்தளிர் விட்டு முற்றும் வரை பால் குறைந்துவிடும். ஆங்கிலேயத் துரைமார் இக்காலத்தை மரத்தின் ‘பனிக்காலம்’ என்றே தம் மொழியில் குறித்தனர். பனியில்லாத நாட்டில் ஒரு பனிக்காலம்! தமிழரின் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலமாதலின் பெயர் பொருந்தியே நின்றது. எடைக்கு எடை கூலி பெற்றவருக்கு அது உண்மையிலேயே குளிர்ந்த காலம்தான்.

இவ்விரு மந்த காலங்களே ஆற்றில் மீன்பிடிக்கும் இரு பருவங்களாகவும் அமைந்தன. மழை வரும்போது மீன் ஏறும். மழை ஓயும்போது மீன் குட்டையில் தங்கும். மரம் தராததை ஆறு தந்தது. வேறு வகையில் கூறின், தோட்டம் கொடுக்காமல் விட்ட கூலியின் ஒரு பகுதியை ஆறு கொடுத்தது. கூலி குறைவாய் இருந்தும் குடும்பங்கள் எவ்வாறு காலந்தள்ளின என்ற கேள்விக்கு விடை தேடுவோர் காய்கறிப் பாத்தியையும் கோழிக் கூட்டையும் ஆடு மாடுகளையும் கணக்கில் சேர்ப்பதுண்டு. ஆற்றையும் அக்கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்து கூலி குறைக்கப்பட்டது; ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசு, உதவிபெற்று மலாயா செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. எஞ்சியவர்களுக்கு மலாயாவே ஊராயிற்று. அந்த ஊரின் ஆறும் அவர்களுடைய ஆறாயிற்று.

நீரை அறிந்த அறிவு

நெடுநாள் வறட்சிக்குப் பின் முதன்மழை பெய்து ஓடை கலங்கிச் சிவந்து வரும்போது மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஏறுகின்றன. புதுவெள்ளம் பரவிய புல்வெளியில் முட்டையிட்டால் குஞ்சுகளுக்கு இரையும் மறைவிடமும் கிடைக்கும் என்பதே காரணம். நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடையில், கூதிர்க்கால மழைநீரை எதிர்த்துக் கயல்மீன் வரும் காட்சி இடம்பெறுகிறது. கடல் கடந்து வந்த மக்கள் அந்நூலைக் கற்றவர் அல்லர். ஆயினும் அந்நூல் கண்ட உண்மையை அவர்களும் தம் கண்ணால் கண்டு பயன்கொண்டனர்.

மழை வலுத்து ஆறு கரைபுரளும்போது நடு ஆற்றில் மீன் கிட்டாது; அது கரையோரத் தணிந்த நீரிலும் வாய்க்கால் முகப்பிலும் ஒதுங்கும். வெள்ளம் வடியத் தொடங்கும் நேரமே பறி வைப்பதற்கு ஏற்றது. அப்போது புல்வெளியில் பரவிய மீன் ஆற்றுக்குத் திரும்பும் வழி ஒடுங்கிவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து நின்றால் நீரில் உயிர்வளி குறைந்துள்ளது என்று பொருள். இவை ஏட்டில் எழுதப்படாத பாடங்கள்.

இவ்வட்டாரச் சதுப்பிலும் ஓடையிலும் வாழ்ந்த மீன்களில் விரால், கெளிறு, பனையேறிக் கெண்டை ஆகிய மூன்றும் குறிப்பிடத்தக்கவை. இவை மலாயில் முறையே ஹாருவான், கெலி, புயு எனப்படும். இம்மூன்றும் காற்றையும் சுவாசிக்க வல்லவை. ஆதலின் உயிர்வளி குறைந்த கருநீரிலும், வற்றும் குட்டையின் சேற்றிலும் இவை பிழைத்திருக்கும். ஈரமான இரவில் ஒரு குட்டையிலிருந்து மற்றொன்றுக்குத் தரைவழியாகவே நகர்ந்து செல்லவும் இவற்றால் முடியும்.

பனையேறிக் கெண்டைக்குத் தமிழ்நாட்டோடு ஒரு வரலாற்றுத் தொடர்பும் உண்டு. 1791ஆம் ஆண்டில், டேனியரின் ஆட்சியில் இருந்த தரங்கம்பாடியில், டால்டார்ஃப் என்னும் படைத்துறை அலுவலர் இம்மீன் ஒரு பனைமரத்தில் ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில் இருக்கக் கண்டதாக எழுதினார். அது மரமேறும் மீன் என்ற செய்தி ஐரோப்பிய அறிவியல் உலகை வியப்பில் ஆழ்த்தியது. உண்மையில் மரமேறுகிறதா என்பதைப் பின்வந்தோர் ஐயுற்றனர். தரையில் நகர்வதை எவரும் மறுக்கவில்லை. தரங்கம்பாடிக் கரையில் வாழும் அதே மீன்தான் யோங் பெங் சதுப்பிலும் வாழ்கிறது. புதிய நாட்டில் இறங்கிய தமிழருக்கு மரமும் மண்ணும் மொழியும் அயலாக இருந்தபோது, ஓடையில் கண்ட விராலும் கெளிறும் பனையேறியும் பழகிய முகங்களாய் இருந்திருக்கும் என்று கருதுவதில் தவறில்லை.

விரால் மீன் தன் குஞ்சுகளைக் காக்கும் இயல்புடையது. செந்நிறக் குஞ்சுகள் திரளாய் நீர்ப்பரப்பில் கொப்பளிக்க, பெற்ற மீன் அடியில் நின்று காவல் செய்யும். அம்மீனைப் பிடித்தால் குஞ்சுகள் யாவும் பிற மீன்களுக்கு இரையாகிவிடும். பிள்ளை பெற்ற தாய்க்கும் அறுவை மருத்துவம் செய்துகொண்டவருக்கும் விரால் சாறு கொடுக்கும் வழக்கம் இந்நாட்டில் இனவேறுபாடின்றி இன்றும் உள்ளது.

கருவிகளும் சொற்களும்

மீன்பிடி கருவிகளில் பழமையும் புதுமையும் கலந்திருந்தன. பெரும்பாணாற்றுப்படை வலைஞர் குடியிருப்பைப் பேசுமிடத்துப் பறியையும் தூண்டிலையும் கூறுகிறது. மூங்கிலால் பின்னிய அத்தகைய பொறியை மலாய்க்காரர் ‘புபு’ என்றனர். மீன் உள்ளே நுழையலாம், வெளியேற முடியாது என்னும் அமைப்பு இரண்டிற்கும் ஒன்றே. வீச்சுவலை, தூண்டில், கூடை ஆகியவை மூவினத்தாருக்கும் பொதுவாய் இருந்தன. தோட்டத்துப் பேச்சில் ‘சுங்கை’, ‘லோங்காங்’ போன்ற மலாய்ச் சொற்கள் தமிழோடு கலந்ததற்கு வேலைத்தலம் மட்டுமின்றி இத்தகைய நீர்நிலைகளும் இடமளித்தன.

இலையுதிர் காலத்தில் ஓடை நூலாக இளைத்துவிடும். அப்போது குட்டையின் இருபுறமும் மண் அணைத்து, நீரை இறைத்துவிட்டுச் சேற்றில் கைவிட்டு மீன் பிடிப்பர். அது பலர் கூடிச் செய்யும் வேலை. இறைக்கச் சிலர், தடவச் சிலர், கரையில் பொறுக்கச் சிறுவர் என்று பிரிந்து செய்தனர். உழைப்பு பொதுவாதலின் மீனும் பொதுவாயிற்று.

கெட்ட முறைகளும் இருந்தன. துபா என்னும் கொடியின் வேரை நசுக்கி நீரில் கரைத்தால் அதன் பால் மீனை மயக்கிக் கொல்லும். மலாய்த் தீவுகளில் நெடுங்காலம் வழங்கிய முறை அது. அதே வேர் பூச்சிக்கொல்லியாகப் பயன்படுவதால் 1930களில் மலாயாவிலிருந்து ஏற்றுமதிப் பொருளாகவும் இருந்தது. துபாவினால் பெரிய மீனோடு குஞ்சும் மடியும். ஒருநாள் விருந்துக்குப் பின் பல மாதப் பஞ்சம் வரும். நஞ்சும் வெடியும் மின்சாரமும் கொண்டு மீன் பிடிப்பதை 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் குற்றமாக்கியது.

போரும் முள்வேலியும்

1942 ஜனவரியில் யோங் பெங்கின் பெயர் உலகப் போர் வரலாற்றில் ஏறியது. மூவாரிலிருந்து பின்வாங்கிய ஆஸ்திரேலிய, இந்தியப் படைகள் யோங் பெங்கை எட்ட முயன்றன. சிம்பாங் கிரி ஆற்றின்மேல் இருந்த பாரிட் சூலோங் பாலத்தை ஜப்பானியர் கைப்பற்றியிருந்ததால் அப்படைகள் வழியடைபட்டன. நடக்க இயலாது விடப்பட்ட காயமுற்ற வீரர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஜனவரி 22ஆம் நாள் படுகொலை செய்யப்பட்டனர். மீன் தந்த ஆறு அன்று குருதி கண்டது.

தொடர்ந்து வந்த ஜப்பானியர் ஆட்சியில் ரப்பர் ஏற்றுமதி நின்றது, அரிசி அரிதாயிற்று. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மடிந்தனர். எஞ்சியோர் மரவள்ளிக் கிழங்கை உண்டு உயிர் தாங்கினர். மரவள்ளியில் மாவுச்சத்து உண்டு; புரதம் மிகக் குறைவு. அக்குறையை ஓரளவேனும் ஈடுசெய்ய ஓடை மீன் உதவியது. சாவகத்திலிருந்து அக்காலத்தில் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, ‘ஜப்பான் மீன்’ என்ற பெயரோடு நாடெங்கும் பரவியது.

1948இல் அவசரகாலம் பிறந்தது. ‘நிலைத்த அமைதி’ என்ற பெயருடைய ஊர், நாட்டின் மிகக் கொந்தளிப்பான வட்டாரங்களுள் ஒன்றாயிற்று. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி புறம்போக்கில் வாழ்ந்தோர் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர்; தோட்டத் தொழிலாளரின் லயன்களும் முள்வேலிக்குள் ஒருங்கு சேர்க்கப்பட்டன. ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் நடப்பில் இருந்த ஆண்டுகளில், விடியலிலும் அந்தியிலும் ஆற்றங்கரைக்குச் செல்வது உயிருக்கு ஆபத்தான செயலாயிற்று. மீன் ஏறும் நேரங்களும் அவையே. 1960இல் அவசரகாலம் முடிவுறும் வரை வளர்ந்த பிள்ளைகளுக்குத் தந்தையரின் நீரறிவு முழுமையாய்க் கிட்டியிருக்க வழியில்லை.

மாறிய நீர்

அமைதி திரும்பியபோது ஆறு பழைய ஆறாக இல்லை. களைக்கொல்லியாகத் தோட்டங்களில் தெளித்த சோடியம் ஆர்சனைட்டும், பின்னர் வந்த பேரகுவாட்டும் மழையோடு ஓடையில் இறங்கின. ரப்பர் ஆலைக் கழிவும் செம்பனை ஆலைக் கழிவும் நீரின் உயிர்வளியை உறிஞ்சின. 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், 1977, 1978ஆம் ஆண்டுகளில் இவ்விரு ஆலைக் கழிவுகளுக்கான விதிகளும் வந்தன.

அதே 1974இல் உலக வங்கியின் கடனுதவியோடு மேற்கு ஜொகூர் வேளாண்மை வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. சதுப்பு நீரை வடிக்க வாய்க்கால்களும், வெள்ளத்தைத் தடுக்கக் கரைகளும் கட்டுவாய்களும் அமைந்தன. செம்புரோங், பெக்கோக் ஆறுகளில் அணைகள் எழுந்தன. ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகளுக்கு இதனால் நன்மை விளைந்தது என்பதை மறுக்கலாகாது. ஆயினும் நீரை எதிர்த்து ஏறும் மீனின் வழி அடைபட்டது.

இன்னொரு மாற்றம் கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்ந்தது. இத்தாழ்நிலத்து மண்ணின் அடியில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒருவகைக் கனிமம் உண்டு. நீர் மூடியிருக்கும் வரை அது தீங்கு செய்யாது. நீரை வடித்துக் காற்றுப் படச் செய்தால் அது கந்தக அமிலமாகிறது. வறட்சிக்குப் பின் பெய்யும் மழை அந்த அமிலத்தைக் கழுவி ஆற்றில் சேர்க்கிறது. பெக்கோக் ஆற்று நீரில் அமிலம் மிகுந்திருப்பது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. இத்தகைய நீரில் கரையும் அலுமினியம் கலங்கலைப் படியச் செய்வதால் நீர் பளிங்கு போலத் தெளிந்து தோன்றும். மீனோ அதில் வாழாது. முன்னர் முதன்மழை மீன் ஏறுவதன் அடையாளம். இப்போது சில இடங்களில் அதுவே மீன் மடிவதன் தொடக்கம். முன்னர்க் கலங்கல் தெளிந்தால் நன்மை என்று கொண்டனர். இப்போது மிகத் தெளிந்த நீரையே ஐயுற வேண்டியுள்ளது. பாட்டன் கற்ற பாடம் பெயரனுக்குத் தலைகீழாகிவிட்டது.

வடிக்கப்பட்ட கரிமச் சதுப்பு நிலம் உலர்ந்து தாழ்கிறது. மேற்கு ஜொகூரில் நடந்த அளவீடுகள் ஆண்டுக்குச் சராசரி 2 செண்டிமீட்டர் அளவில் நிலம் இறங்கியதைக் காட்டின. நிலம் தாழத் தாழ வெள்ளம் வடிவது கடினமாகும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வந்த வெள்ளத்தில் ஜொகூர் மாநிலத்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் துயருற்று முகாம்களில் தங்கினர். 2023 மார்ச்சில் யோங் பெங்கும் பத்து பகாட் மாவட்டமும் மீண்டும் மூழ்கின. தாழ்ந்த இடங்களில் நீர் வாரக்கணக்கில் நின்றது. மார்ச் என்பது ரப்பர் மரம் இலையுதிர்த்து, ஓடை இளைத்து, குட்டை இறைத்த மாதம் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். பொழுதே இடம் மாறிவிட்டது போலும்.

முடிவுரை

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாகியும் போயின. லயன்களில் வாழ்ந்த குடும்பங்கள் பட்டணம் சேர்ந்தன. அவர்களுடைய பிள்ளைகள் மழைநாளிலும் சம்பளம் தரும் வேலையில் அமர்ந்தது பெருமைக்குரிய முன்னேற்றமே. பசிக்காக ஆற்றில் இறங்கிய காலம் திரும்ப வேண்டும் என்று எவரும் விரும்பமாட்டார். வெள்ளத்தில் இறங்கி நோயுற்றவரும் உயிரிழந்தவரும் உண்டு என்பதையும் மறக்கலாகாது.

ஆயினும் வறுமையை மறப்பது வேறு. வறுமையை வென்ற அறிவை மறப்பது வேறு. வடபுலத்தார் பனிப்பாளத்தின் கனத்தைப் பற்றிய தம் முன்னோர் அறிவை நூலாக்கிப் பள்ளிச் சிறுவருக்குக் கற்பிக்கின்றனர். யோங் பெங் வட்டாரத்தில் நீரின் நிறமறிந்த முதியோர் இன்னும் சிலர் உள்ளனர். அவர்கள் வழங்கிய மீன்பெயர்கள், கருவிப்பெயர்கள், ஓடைகளுக்கு இட்ட பெயர்கள் எந்த அகராதியிலும் முழுமையாய் ஏறவில்லை. தமிழ்ப்பள்ளி மாணவர், ஓர் ஏடும் எழுதுகோலும் கொண்டு தத்தம் வீட்டுப் பாட்டனையும் பாட்டியையும் கேட்டு எழுதினால் அச்சொற்கள் பிழைக்கும். திணையையும் பொழுதையும் வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர்க்கு அதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை. முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் மாறும்போது மக்கள் வாழ்வு எவ்வாறு மாறுகிறது என்பதற்குச் சான்று ஏட்டில் மட்டுமன்று, பள்ளிக்குப் பின்னே ஓடும் வாய்க்காலிலும் இருக்கிறது.